தரைப் பலகைக்கு அடியில் என் முடிச்சு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் நான் ஏரோப்ளேன் ஓட்டுகிறவன் என்றுதான் சொல்வார்கள். ஓட்டுகிறவன் இல்லை, ஒயர் பார்க்கிறவன் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "அது என்னா லா, ப்ளேன்ல கூட ஒயரா?" என்று கேட்பார்கள். கேட்டவன் வீட்டில் விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், டிவி ஓடும். அதெல்லாம் எதில் ஓடுகிறது என்று அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும், அது வேறு விஷயம்.

மலேசியாவில் சிரம்பான் பக்கம், மந்தின் டவுனைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் தோட்டம். என் மனைவி அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கிற வரிசை வீடுகளில் ஒன்று, நாங்கள் இருந்த லைன் வீடு, அவள் பேரில் கிடைத்தது. நான் சுபாங் விமான நிலையத்தில், சின்ன ஜெட் விமானங்களைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்தேன். விடிவதற்கு முன்னால் அவள் சைக்கிளில் பால் டின்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு என் மோட்டார் சைக்கிளை எடுத்தால், விமானக் கொட்டகை, அதாவது ஹாங்கர், போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழை பெய்தால் நனைந்துகொண்டே போவேன். டவுனுக்குக் குடிபோகச் சொல்லி எத்தனையோ பேர் புத்தி சொன்னார்கள். எதற்குப் போக வேண்டும்? வாடகை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் வாழை, கோழி. சாயங்காலம் லைனுக்கு முன்னால் பேட்மிண்டன். அவளுக்கு அவள் மரங்கள், எனக்கு என் ஒயர்கள். எங்களுக்கு நன்றாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் எங்களிடம் வந்த ஜெட்கள் பெரும்பாலும் கிழடுகள். எட்டுப் பேர் உட்காரலாம். வெளியே புதுப் பெயிண்ட், உள்ளே தோல் நாற்காலி. பணக்காரன் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வான். அவன் காலுக்கு ஒரு சாண் கீழே இருபது வருடத்து ஒயர் கிடக்கும். நாற்காலியைக் கழற்றி, கம்பளத்தைச் சுருட்டி, தரைப் பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்த பிறகுதான் லட்சணம் தெரியும். கச்சான் கடலைத் தோல், சில்லறைக் காசு, கொண்டை ஊசி, காப்பி கொட்டிக் காய்ந்த கறை. கழிப்பறைப் பக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒயரைப் பார்ப்பதற்கு முன்னால் இதையெல்லாம் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்குக்கு மேலே டார்ச் அடித்துவிட்டுச் சரி என்று எழுதுகிறவனை எனக்குப் பிடிக்காது. குப்பையை உறிஞ்சி எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, அதற்கப்புறம் டார்ச்சும் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியும். பழைய ஒயரைக் கையால் இழுத்துப் பார்க்கவே கூடாது. வருடக்கணக்காக வெப்பத்திலும் குளிரிலும் கிடந்து அதன் உறை வறண்டு போயிருக்கும், மடக்கினால் வெடிக்கும். கோளாறு பார்க்கப் போனவனே கோளாறு செய்துவிட்டு வந்த கதை எங்கள் வேலையில் நிறைய உண்டு. ஒயர் வளைகிற இடம், தகட்டின் ஓட்டைக்குள் நுழைகிற இடம், கிளாம்ப் பிடித்த இடம், நூல் கட்டிய இடம். கெடுவது பெரும்பாலும் அங்கேதான். உறை போய்ச் செம்பு வெளியே தெரிந்து, பக்கத்து ஒயரைத் தொட்டால் பொறி பறக்கும். பக்கத்திலேயே பஞ்சும் தூசியும் எண்ணெயும் இருக்கும். மேலே போய்த் தீப்பிடித்தால் ரோட்டோரமாக நிறுத்திவிட்டு இறங்க முடியாது. இதைத்தான் ஹாங்கரில் தினமும் கத்திக்கொண்டிருந்தேன். நான் வருகிற சத்தம் கேட்டாலே சிலர் கையை ஒயரிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

ஒருவன் செய்த ஒயர் வேலையை இன்னொருவன் பார்த்து, தாளில் முத்திரை குத்த வேண்டும். அந்த முத்திரை எல்லோருக்கும் கிடைக்காது. ரப்பர் முத்திரைதான், எங்கள் பேச்சில் சாப்பு, ஐந்து காசு அளவு, நடுவில் ஒரு எண். அது இல்லாதவன் எத்தனை வருடம் வேலை செய்தாலும் அவன் வேலைக்கு வேறொருவன்தான் பொறுப்பு. நான் அதற்குப் பத்து வருடம் காத்திருந்தேன். இரண்டு தடவை பரீட்சை தேறி, இரண்டு தடவையும் நேர்முகத்தில் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன். முதல் தடவை, கேள்வி கேட்டவரிடமே உங்கள் கேள்வி தப்பு என்றேன். கேள்வி தப்புதான். மூன்றாவது தடவை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், தேறிவிட்டது. வெள்ளிக்கிழமை முத்திரையைக் கையில் கொடுப்பதாகத் தலைமை இன்ஜினியர் சொன்னார். அவர் சீனர், சிரம்பான் லோபாக்கில் வீடு. எங்களிடம் மலாயில் பேசுவார், அதையும் அளந்துதான் பேசுவார்.

என் மனைவி அன்று சாயங்காலமே லைன் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரர் வேலி ஓரமாக வந்து நின்றார்.

"என்னாங்க, இனிமே நீங்க சாப்பு குத்துனாத்தான் ப்ளேன் பறக்குமாமே?"

"யாரு சொன்னது?"

"ஒங்க வீட்டுலதான். ஆபீஸ் கிராணி வீட்டு வரைக்கும் தெரியும்."

திட்டலாம் என்றுதான் நினைத்தேன். வாய் வரவில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கிழட்டு ஜெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பெரிய பரிசோதனை. பின்பக்கம் கழிப்பறைச் சுவரோடு ஒட்டிய அலமாரியைக் கழற்றி, அதன் அடியில் இருக்கிற பலகையையும் எடுக்க வேண்டும். அந்த இடத்தைப் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் திறப்பார்கள். என்னோடு இருந்தவன் மம்பாவ்காரன், என்னைவிட நாலு வயது இளையவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் அப்பா மம்பாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையிலேயே வளர்ந்தவன், ரப்பர் மரத்தைப் பஸ்ஸில் போகும்போதுதான் பார்த்திருக்கிறான். வாய் ஓயாது.

"அண்ணே, இங்க வந்து கண்ணாடிய புடிச்சுப் பாருங்க."

குப்புறப் படுத்துப் பார்த்தேன். ஒயர்க் கத்தையைச் சுற்றி மெழுகு நூல் கட்டியிருந்தது. வீங்கின விரலில் மாட்டிக்கொண்ட மோதிரம் போல நூல் உறைக்குள் புதைந்து கிடந்தது. ஒரு ஒயரில் உறை முழுதாக வெட்டுப்பட்டுச் செம்பு மினுங்கியது. அதை ஒட்டிய ஒயரிலும் பாதி வெட்டு. இன்னும் கொஞ்ச நாள் அதிர்ந்திருந்தால் இரண்டும் தொட்டிருக்கும்.

"எந்த மடையன்டா இத கட்டுனான்?" என்று கத்தினேன். ஹாங்கரின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "கன்னுக்குட்டியா கட்டச் சொன்னாங்க? அவன் கைய ஒடிக்கணும்!"

"கைய ஒடிக்கிறதுக்கு ஆளு வேணுமே. இது வெள்ளக்காரன் ஃபேக்டரியில கட்டுனதா இருக்கும் அண்ணே. டிக்கெட் எடுத்துக் குடுங்க, நான் போயி ஒடிச்சிட்டு வரேன்."

நூலை வெட்ட முடிச்சைத் தேடினேன். கண்ணாடியைத் திருப்பினேன். இரண்டு சுற்று, ஒரு குறுக்கு, வால் நுனி சுற்றுக்கு அடியில் சொருகியிருந்தது.

அது என் முடிச்சு.

ஹாங்கருக்கு வருவதற்கு முன்னால் நான் நாலு வருடம் பால் வெட்டினேன். வெட்டிய பாலை டின்னில் ஊற்றி, சைக்கிளில் கட்டி, செம்மண் ரோட்டில் ஸ்டோருக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். டின் சாய்ந்தால் காலையில் செய்த வேலை முழுக்க வாய்க்காலில் போய்விடும். அதனால் பழைய சைக்கிள் டியூப்பை வார் வாராக வெட்டி, காலை முட்டுக் கொடுத்து இழுத்துக் கட்டுவோம். இரண்டு சுற்று, ஒரு குறுக்கு. வால் தொங்கினால் சக்கரக் கம்பியில் மாட்டும் என்று அதை அடியில் சொருகிவிடுவோம். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்ல கட்டு. எங்கள் தோட்டத்தில் கட்டத் தெரிந்தவன் என்று பேர் வாங்கியவன் நான்.

எழுபதுகளின் கடைசியில், அரசாங்கத் தொழிற்பயிற்சி முடித்து, அந்தக் கையோடுதான் ஹாங்கருக்கு வந்தேன். மெழுகு நூலைக் கொடுத்து ஒயரைக் கட்டச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த மாதிரி கட்டினேன். டியூப் ரப்பர் இழுத்துக் கட்டிய பிறகு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். மெழுகு நூல் கொடுக்காது. இந்த வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை. அப்போது முத்திரை வைத்திருந்தவர் என் கட்டை அசைத்துப் பார்த்து, "பாகுஸ், குவாட்" என்று தோளில் தட்டினார். நல்லது, பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கும் ஏறவில்லை போலிருக்கிறது. ஒரு வருடம் கழித்துக் கையேட்டை ஒழுங்காகப் படித்த பிறகு முடிச்சை மாற்றிக்கொண்டேன். அதுவரைக்கும் கட்டியதை அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"என்னா அண்ணே, சத்தத்தக் காணோம்?" என்றான் மம்பாவ்காரன்.

"நீ முன்னால போயி பைலட் சீட்டுக்கு அடியில பாரு. இத நான் பாத்துக்கிறேன்."

அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனான். நான் குப்புறப் படுத்தபடியே எண்ணினேன். அந்த இடத்தில் மட்டும் பதினான்கு கட்டு. வெட்டிப் போட்டுவிட்டு, கெட்ட ஒயரை மாற்றி, புதிதாகக் கட்டி, 'தேய்ந்த ஒயர் மாற்றப்பட்டது' என்று எழுதினால் எல்லாம் முடிந்தது. அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இருக்காது. பழைய தாளில் முத்திரை குத்தினவரின் எண்தான் இருக்கிறது. அவர் எப்போதோ ஆஸ்திரேலியா போய்விட்டார். அந்த முடிச்சு யாருடையது என்று அந்த ஹாங்கரில் ஒருவனுக்கும் தெரியாது.

ஆனால் அந்த வருடம் நான் கட்டியது இந்த ஒன்றை மட்டும் இல்லை. இதே மாதிரி இன்னும் மூன்று விமானம். ஒன்றை இந்தோனேசியாவுக்கு விற்றுவிட்டார்கள். ஒன்று சிங்கப்பூரில் இருந்தது. ஒன்று சுபாங்கிலேயே, எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது. வெட்டுப்பட்ட ஒயரைப் பார்த்தபடி கணக்குப் போட்டேன். சொன்னால் முத்திரை போய்விடும். வெள்ளிக்கிழமை முத்திரையை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை சொன்னால் என்ன? பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஆறு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

இந்தக் கணக்கோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவி பின்பக்கம் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"எல்லாரையும் அந்தக் கத்து கத்துறீங்களே. இப்ப ஒங்கள யாரு கத்துறது?"

"நீ கத்தேன்."

"எனக்கு வேல இருக்கு." கத்தியின் முனையைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தாள். "கிராணி வீட்டு அம்மாகிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேன். அந்தம்மா கேக் செஞ்சு குடுக்குறேன்னு சொல்லியிருக்கு."

"அதான் வெள்ளிக்கெழம வாங்கிட்டு, திங்கக்கெழம சொல்லலாம்னு பாக்குறேன்."

"அந்த ப்ளேனுங்கள்ல ஆளுங்க போறாங்களா?"

"போவாங்க. பின்ன சும்மாவா நிக்கும்?"

"வெள்ளிக்கெழமைக்கும் திங்கக்கெழமைக்கும் நடுவுல போவாங்களா, போவமாட்டாங்களா?"

"போவாங்கடி, அதுக்கென்னா இப்ப?"

"எனக்கென்னா தெரியும், நான் பால் மரம் வெட்டுறவ," என்று சொல்லிவிட்டு அடுத்த கத்தியை எடுத்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் சோற்றைக்கூடச் சரியாகத் தின்னவில்லை. அவள் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காததால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

புதன்கிழமை காலை நேராகத் தலைமை இன்ஜினியர் அறைக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அது உன் கட்டுதான் என்று எப்படித் தெரியும் என்றார். பையிலிருந்து மெழுகு நூலை எடுத்து, அவர் நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு சுற்று, ஒரு குறுக்கு, வாலைச் சொருகி இழுத்தேன். அவர் விரலை நுழைக்கப் பார்த்தார். நகம்கூட நுழையவில்லை.

"எத்தனை விமானம்?"

"இதோட சேர்த்து நாலு."

"வெள்ளிக்கிழமை விஷயம் இப்போதைக்கு இல்லை."

"தெரியும்."

அவர் டெலிபோனை எடுத்தார். நான் வெளியே வரும்போது அந்த நூலை வெட்டக் கத்தி இருக்கிறதா என்று கேட்டார். வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வாசலில் நின்ற விமானம் அன்று மதியம் சுமத்ராவில் இருக்கிற மேடானுக்குப் போவதாக இருந்தது. பெட்டியெல்லாம் ஏற்றிவிட்டார்கள். போக முடியாது என்றதும் அதன் பைலட், ஒரு வெள்ளைக்காரர், ஹாங்கருக்குள்ளே வந்து கையை ஆட்டிக் கத்தினார். இந்த விமானத்தை நேற்று வரைக்கும் ஓட்டினேன், ஒரு விளக்குகூட மினுக்கவில்லை, யார் இந்த முட்டாள் என்று கேட்டார். நான்தான் அந்த முட்டாள் என்றேன். அலமாரியைக் கழற்றிப் பலகையை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்பதாவது கட்டில் செம்பு தெரிந்தது. டார்ச்சையும் கண்ணாடியையும் அவரிடம் கொடுத்தேன். சட்டை அழுக்காகுமே என்று பார்க்காமல் படுத்துப் பார்த்தார். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, பெட்டிகளை இறக்கச் சொன்னார்.

சிங்கப்பூரில் நின்றதை அங்கேயே பிரித்துப் பார்த்தார்கள். பள்ளம் மட்டும்தான், செம்பு தெரியவில்லை. இந்தோனேசியாவுக்குப் போனதற்குத் தலைமை இன்ஜினியர் டெலக்ஸ் அடித்தார். பதில் வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. எல்லாக் கட்டையும் வெட்டிவிட்டோம், மூன்று ஒயர் மாற்றினோம் என்று பதில் வந்ததும், தாளை வாங்கி இரண்டு தடவை படித்தேன்.

இதற்கிடையில், அந்த வாரம் வெள்ளிக்கிழமை, முத்திரை மம்பாவ்காரனுக்குப் போனது. வரிசையில் எனக்கு அடுத்து அவன்தான். என்னைத் தேடிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, நான் வேணாம்னு சொல்லிடவா?"

"ஏன்டா, ஒனக்குப் பைத்தியமா? வாங்குடா மடையா."

"இல்ல, ஒங்களுது..."

"என்னுதுன்னு அதுல எழுதியிருக்கா? போயி வாங்கு. வாங்கிட்டு, போற வர்றவனுக்கெல்லாம் குத்திக் குடுக்காத. பாத்துக் குத்து."

வீட்டுக்கு வந்தால், என் மனைவி அடுத்த வீட்டுக்காரரிடம், மேலே இன்னும் பெரிய வேலைக்கு என்னைப் பார்ப்பதாகவும் அதனால்தான் முத்திரை தள்ளிப் போனதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் பேட்மிண்டன் ஆட வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும், தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் தலையைச் சொறிந்தார்.

"இறுக்கிக் கட்டுனதுக்கா சாப்பு குடுக்கல?"

"ஆமா."

"அப்ப லூசா கட்டணுமா?"

"லூசாவும் கட்டக் கூடாது."

"என்னா லா பேச்சு இது! இறுக்கியும் கட்டாம, லூசாவும் கட்டாம... அந்தக் கம்பெனிக்காரனுக்குக் கட்டறதுன்னா என்னான்னு தெரியல. நீ இங்கயே வந்துடு. வெட்டுறதுக்கு நல்ல மர நெரையா பாத்துக் குடுக்குறேன்."

எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். நான் எவ்வளவு விளக்கியும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தோட்டத்தைப் பொறுத்தவரை நான் நன்றாகக் கட்டியதற்காகத் தண்டனை வாங்கியவன். கிராணி வீட்டு அம்மா கேக்கைக் கொடுத்தே விட்டார்கள். தின்றோம். நன்றாக இருந்தது.

முத்திரை எனக்கு அடுத்த வருடம் கிடைத்தது. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்கு முன்னால், சுபாங்கில் நின்ற இரண்டு விமானத்திலும் வெட்டிய கட்டுகளை எல்லாம் திரும்பக் கட்டுகிற வேலையைத் தலைமை இன்ஜினியர் எனக்கே கொடுத்தார். மூன்று வாரம் குப்புறப் படுத்தே கிடந்தேன். கட்டு நகரவும் கூடாது, உறையில் பள்ளம் விழவும் கூடாது. ஒவ்வொன்றையும் கட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டினேன். பேசுவதற்கு ஆள் இல்லை, திட்டுவதற்கும் ஆள் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த மூன்று வாரமும் எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி நாள் என் வேலையைப் பார்க்க மம்பாவ்காரன் வந்தான். புது முத்திரையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டிருந்தான். படுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்தான். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். ரொம்ப நேரம் ஆனது.

"அண்ணே."

"என்னா?"

"திட்டக் கூடாது."

"சொல்லுடா."

"பதினொன்னாவது கட்டு நகருது. ரொம்ப லூசு."

"லூசா? கண்ணு தெரியுதா ஒனக்கு?"

"வந்து பாருங்க."

படுத்துப் பார்த்தேன். விரலால் தள்ளினேன். நகர்ந்தது. இறுக்கிவிடுவோமோ என்ற பயத்தில் தளர்த்திக் கட்டியிருக்கிறேன். அப்படியே விட்டிருந்தால் ஒயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போய், கீழே ஓடுகிற இரும்புக் கேபிளில் உரசியிருக்கும்.

"சாப்பு குத்த மாட்டேன் அண்ணே," என்றான்.

"குத்துனா ஒதைப்பேன்," என்று சொல்லிவிட்டுக் கத்தியை வாங்கி வெட்டினேன். நூலை எடுத்துத் திரும்பக் கட்டினேன். அவன் விரலால் தள்ளிப் பார்த்தான், கண்ணாடியை வைத்து அடிப்பக்கம் பார்த்தான், டார்ச்சைத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தான். பிறகு பொத்தானைக் கழற்றி, முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, தாளில் குத்தினான். நேராக விழவில்லை, கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதற்கு அவனைத் திட்டினேன்.